ஓர் ஆக்சிஜன் அணு குறைந்தால் மின்மினியின் நிறம் மாறும்

நீங்கள் கேட்ட கேள்வி இதுதான்: ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு மின்மினிகளின், ஒளி உண்டாக்கும் லூசிஃபெரேஸ் நொதியை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால் அமினோ அமில வரிசை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று மஞ்சள் கலந்த பச்சையிலும் மற்றது ஆரஞ்சிலும் ஒளிர்கிறது. இது எப்படி? அந்த நொதி முதலில் எங்கிருந்து வந்தது? அதன் மரபணுவை மட்டும் பார்த்து இனங்களைப் பிரித்துவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பிரிக்கக் கூடாது. லூசிஃபெரேஸ் எந்த இனம் எது என்று சொல்வதற்கான நல்ல அடையாளம் இல்லை. ஒரு புரதத்தில் இயற்கைத் தேர்வு எந்த இடத்தைத் தொடும், எந்த இடத்தை விட்டுவைக்கும் என்று பார்ப்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. காரணத்தைப் புரிந்துகொள்ள அந்த நொதி செய்யும் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

மின்மினியின் வயிற்றுப் பகுதியில் உள்ள ஒளியுறுப்பில் நடப்பது இரண்டு கட்ட வினை. முதல் கட்டத்தில் லூசிஃபெரின் என்ற சிறு மூலக்கூறை நொதி பிடித்துக்கொண்டு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யோடு வினைபுரியவைக்கிறது. ஏ.டி.பி.யின் ஒரு பகுதி லூசிஃபெரினின் கார்பாக்சில் முனையில் ஒட்டிக்கொள்ள, மீதி பைரோபாஸ்பேட்டாகக் கழன்றுபோகிறது. இதற்கு மெக்னீசியம் அயனி வேண்டும். இரண்டாம் கட்டத்தில் ஆக்சிஜன் வந்து சேர்கிறது. நான்கு அணுக்கள் கொண்ட, நிலைத்திருக்க முடியாத ஒரு வளையம் உருவாகி, உடனே உடைந்து, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. மிஞ்சும் ஆக்சிலூசிஃபெரின் கூடுதல் ஆற்றலோடு கிளர்வுற்ற நிலையில் இருக்கும். அது சாதாரண நிலைக்கு இறங்கும்போது வெளிவரும் ஒளித்துகளான ஃபோட்டான்தான் நாம் பார்க்கும் ஒளி. 100 லூசிஃபெரின் மூலக்கூறு எரிந்தால் 88 ஃபோட்டான் வரும் என்று 1960-இல் கணக்கிட்டிருந்தார்கள். 2008-இல் ஜப்பானில் மறுபடி அளந்தபோது அது சுமார் 41 என்று வந்தது. பழைய எண் இன்னும் பல பாடநூல்களில் அப்படியே இருக்கிறது. 41 என்பதே இப்படிப்பட்ட வினைகளில் வியக்கத்தக்க அளவுதான்.

முதல் கட்டத்தைக் கவனித்தீர்களா? ஒரு கார்பாக்சில் முனையை ஏ.டி.பி.யால் தூண்டிவிடுவது மின்மினிக்கே உரிய வித்தை இல்லை. எல்லா உயிர்களின் செல்களிலும் கொழுப்பு அமிலங்களைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்யும் அசைல் கோஎன்சைம் ஏ சிந்தடேஸ் என்ற நொதிகள் இதையேதான் செய்கின்றன. வேறுபாடு இரண்டாம் கட்டத்தில்: அந்த நொதிகளில் கோஎன்சைம் ஏ என்ற துணை மூலக்கூறு வந்து கொழுப்பு அமிலத்தோடு இணையும், லூசிஃபெரேஸில் ஆக்சிஜன் வந்து தாக்கும். வரிசை ஒற்றுமையைப் பார்த்து இரண்டும் ஒரே குடும்பம் என்று 1980-களின் பிற்பகுதியிலிருந்தே ஊகித்தார்கள். 2003-இல் ஜப்பானிய ஆய்வாளர் யூயிச்சி ஓபாவும் அவருடன் பணியாற்றியவர்களும் நேரடியாகச் சோதித்துக் காட்டினார்கள். மின்மினியின் லூசிஃபெரேஸுக்குக் கொழுப்பு அமிலத்தையும் கோஎன்சைம் ஏ-யையும் கொடுத்தால், அது அந்தப் பழைய வேலையையும் செய்கிறது. ஒளி உண்டாக்கத் தொடங்கி கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆன பிறகும் மூதாதையின் தொழிலை அது மறக்கவில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. பழ ஈயான ட்ரோசோஃபிலாவில் லூசிஃபெரேஸுக்கு நெருங்கிய உறவான ஒரு கொழுப்பு அமில நொதி இருக்கிறது. இயற்கையான லூசிஃபெரினைக் கொடுத்தால் அது ஒளிர்வதில்லை. ஆனால் 2014-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், வேதியியல் முறையில் வடிவம் மாற்றப்பட்ட ஒரு செயற்கை லூசிஃபெரினைக் கொடுத்தபோது அது சிவப்பாக ஒளிர்ந்தது. பழ ஈயின் பரம்பரையில் ஒளிர்ந்த மூதாதை எதுவும் இல்லை. அப்படியென்றால் ஒளி உண்டாக்கும் ஆற்றல் அந்த நொதிக் குடும்பத்துக்குள் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருந்தது, பொருத்தமான மூலக்கூறு வந்து சேர வேண்டியதுதான் பாக்கி என்று ஆகிறது. மின்மினியின் பரிணாமத்தில் நொதி மாறியது பாதிக் கதை என்றால், லூசிஃபெரின் என்ற மூலக்கூறு உடலில் உருவானது மறுபாதி.

மரபணு அளவில் நடந்தது இரட்டித்தல். ஒரு கொழுப்பு அமில நொதியின் மரபணு படியெடுக்கப்பட்டு, ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, மற்றது மாறும் சுதந்திரம் பெற்றது. 2018-இல் அமெரிக்காவின் ஃபோட்டினஸ் பைராலிஸ், ஜப்பானின் அக்வாடிகா லேட்டரலிஸ் என்ற இரண்டு மின்மினிகளின் மரபணுத் தொகுதியும், இக்னெலேட்டர் லுமினோசஸ் என்ற ஒளிரும் கிளிக் வண்டின் மரபணுத் தொகுதியும் ஒன்றாக வெளியிடப்பட்டன. மின்மினியின் லூசிஃபெரேஸ் மரபணு, அதன் ஒளிராத உறவு மரபணுக்களின் கூட்டத்துக்கு நடுவிலேயே குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. இரட்டித்தல் நடந்த இடத்தின் தடம் அது. கிளிக் வண்டின் லூசிஃபெரேஸ் அதே பிரதியிலிருந்து வரவில்லை. அதாவது ஒரே லூசிஃபெரினைப் பயன்படுத்தும் இந்த இரண்டு வண்டுக் குடும்பங்களும் ஒரே நொதிக் குடும்பத்தின் வெவ்வேறு பிரதிகளைத் தனித்தனியே எடுத்து ஒளி உண்டாக்கக் கற்றுக்கொண்டன. வண்டுகளுக்கு ஒளி ஒரே ஒரு முறைதான் வந்தது என்று நெடுங்காலம் நம்பப்பட்டதால் இந்தக் கண்டுபிடிப்பு முக்கியமானது.

பழைய வேலை வீணாகவும் போகவில்லை என்று கருத இடமிருக்கிறது. லூசிஃபெரின் இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று பிம்பமான இரண்டு வடிவங்களில் வரும். ஒளி தருவது டி வடிவம் மட்டுமே. ஆனால் உடலில் கிடைக்கும் சிஸ்டீன் எல் வடிவம், அதிலிருந்து உருவாவதும் எல் லூசிஃபெரின். எல் வடிவத்தைக் கோஎன்சைம் ஏ-யோடு இணைத்துவிட்டால் அது எளிதில் டி வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்த இணைப்பைச் செய்யக்கூடியது லூசிஃபெரேஸேதான் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். மூதாதையிடமிருந்து வந்த வேலையை வைத்துத் தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே திருத்திக்கொள்ளும் நொதி என்று இதைப் படிக்கலாம்.

முதல் மின்மினிகள் என்ன நிறத்தில் ஒளிர்ந்தன? இதற்கு ஊகத்தைவிட உறுதியான பதில் உண்டு. இன்றுள்ள பல இனங்களின் லூசிஃபெரேஸ் வரிசைகளைக் கொண்டு மூதாதை நொதியின் வரிசையைக் கணித்து, அதற்கான டி.என்.ஏ.வைச் செயற்கையாகத் தொகுத்து, நுண்ணுயிரியில் அந்தப் புரதத்தைத் தயாரித்து, லூசிஃபெரினோடு கலந்து பார்த்தார்கள். ஓபாவின் குழு 2020-இல் வெளியிட்ட இந்த ஆய்வில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மின்மினி மூதாதையின் நொதி அடர்ந்த பச்சையில் ஒளிர்ந்தது. மியான்மரில் கிடைக்கும் அம்பர் என்ற புதைபடிவ மரப்பிசினுக்குள் ஏறக்குறைய அதே காலத்து மின்மினி ஒன்று ஒளியுறுப்போடு கிடைத்திருக்கிறது. இன்றுள்ள மின்மினிகளில் முழு வளர்ச்சி அடைந்த பெரிய வண்டு ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும், அறியப்பட்ட எல்லா இனங்களின் இளம்புழுக்களும் ஒளிர்கின்றன. புழுவுக்குத் துணை தேடும் தேவை கிடையாது. நான் கசப்பானவன், தின்னாதே என்று எதிரிகளுக்குச் சொல்லவே ஒளி முதலில் பயன்பட்டது, காதல் மொழியானது பின்னால்தான் என்ற கருத்துக்கு இது வலுவான ஆதாரம்.

இப்போது உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு வருகிறேன். நெருங்கிய இனங்கள், ஏறக்குறைய ஒரே நொதி, வேறு நிறம்.

இதற்கு மிகச் சிறந்த சான்று ஃபோட்டினஸ் பேரினத்திலேயே இருக்கிறது. பைராலிஸ் மஞ்சள்பச்சையில் ஒளிரும், வட அமெரிக்காவில் மிகப் பரவலான இனம். அதன் உறவான ஃபோட்டினஸ் சிண்டிலன்ஸ் ஆரஞ்சில் ஒளிரும். பிரான்சீனியும் அவரது குழுவும் சிண்டிலன்ஸின் மரபணுவைப் பிரித்தெடுத்து 2017-இல் அறிக்கை வெளியிட்டார்கள். இரண்டு நொதிகளும் பல இடங்களில் வேறுபடுகின்றன. ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்தபோது, நிற வேறுபாடு முழுவதற்கும் அமினோ அமில வரிசையின் 255-ஆம் இடம் ஒன்றே காரணம் என்று தெரிந்தது. பைராலிஸில் அங்கே டைரோசின். சிண்டிலன்ஸில் ஃபீனைல்அலனின். இந்த இரண்டு அமினோ அமிலங்களும் வடிவத்தில் ஒன்றுதான், ஆறு கார்பன் வளையம் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. டைரோசினின் வளையத்து நுனியில் ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி இருக்கும், ஃபீனைல்அலனினில் அது இல்லை. 550 அமினோ அமிலங்களும் ஆயிரக்கணக்கான அணுக்களும் கொண்ட ஒரு புரதத்தில் ஓர் ஆக்சிஜன் அணு விடுபட்டுப்போனதால் ஒளியின் நிறம் மாறிவிடுகிறது. உயிர்வேதியியலில் எனக்குத் தெரிந்த மிக அழகான முடிவுகளில் இது ஒன்று.

அது எப்படிச் சாத்தியம் என்றால், ஒளிரும் மூலக்கூறு எல்லா இனங்களிலும் ஒன்றே என்பதால்தான். ஆக்சிலூசிஃபெரினுக்கென்று நிலையான ஒரு நிறம் கிடையாது. அது உட்கார்ந்திருக்கும் நொதிக் குழியில் மின்னூட்டங்கள் எப்படி அமைந்திருக்கின்றன, எந்த ஹைட்ரஜன் பிணைப்பு எங்கே இழுக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது வெளியிடும் ஃபோட்டானின் ஆற்றல் கூடும், குறையும். ஆற்றல் கூடினால் பச்சைப் பக்கம், குறைந்தால் சிவப்புப் பக்கம். 255-ஆம் இடத்து டைரோசின் அந்தக் குழியைச் சுற்றியுள்ள ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு வலையில் ஒரு கண்ணி. கண்ணி அறுந்தால் வலை முழுவதும் சற்றுத் தளர்கிறது.

இதே பாடத்தைக் கொஞ்சம் முன்னதாகவே ஜப்பானின் கெஞ்சி மின்மினியில் படித்திருந்தார்கள். அதன் நொதியில் 286-ஆம் இடத்து செரினை அஸ்பராஜினாக மாற்றினால், சுமார் 560 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும் மஞ்சள்பச்சை ஒளி 605-க்குப் போய்ச் சிவப்பாகிறது. 2006-இல் வெளிவந்த படிக அமைப்புகள் அதன் காரணத்தைக் காட்டின. இயல்பான நொதியில், ஒளிர்வதற்குச் சற்று முந்தைய நிலையில், 288-ஆம் இடத்து ஐசோலூசின் லூசிஃபெரினை நோக்கி நகர்ந்து குழியை இறுக்குகிறது. மாற்றப்பட்ட நொதியில் அது நகர்வதில்லை. குழி தளர்வாக இருக்கும்போது கிளர்வுற்ற மூலக்கூறு தன் ஆற்றலில் ஒரு பகுதியை அதிர்வுகளில் இழந்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஒளியாகத் தருகிறது. நிறம் பற்றி இன்னும் வேறு விளக்கங்களும் விவாதத்தில் உண்டு. குழியின் நுண்ணிய அமைப்புதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆய்வுக்கூடத்தில் நிறம் அளப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மின்மினி லூசிஃபெரேஸ் அமிலத்தன்மைக்குக் கூச்சப்படும் நொதி. கரைசல் சற்று அமிலமானாலே, அல்லது வெப்பம் கூடினாலே, அதே நொதி சிவப்புக்கு நகர்ந்துவிடும். கிளிக் வண்டுகளின் நொதியும், தென் அமெரிக்காவின் ரயில்புழு எனப்படும் ஃப்ரிக்சோத்ரிக்ஸின் நொதியும் இப்படி நகர்வதில்லை. ரயில்புழுவின் தலையில் உள்ள சிவப்பு விளக்கு அந்த நொதிக்கே உரிய நிறம், உடலின் பக்கங்களில் உள்ள பச்சை விளக்குகளுக்கு வேறு நொதி. ஆகவே இரண்டு மின்மினிகளின் நிறத்தை ஒப்பிடும்போது ஒரே அமிலத்தன்மையிலும் ஒரே வெப்பநிலையிலும் அளந்திருக்கிறார்களா, உயிருள்ள வண்டில் அளந்த நிறத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பரிணாமம் பேச வேண்டும்.

சரி, இயற்கைக்கு ஏன் நிறத்தை மாற்றத் தோன்றியது? 1980-இல் லால், லாயிட் என்ற ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் வட அமெரிக்காவின் 55 மின்மினி இனங்களின் ஒளியை அளந்து, எந்த நேரத்தில் பறக்கின்றன என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். அந்தி மங்கும் நேரத்தில் பறப்பவற்றில் பெரும்பாலானவை மஞ்சள். நன்றாக இருட்டிய பிறகு பறப்பவற்றில் பெரும்பாலானவை பச்சை. அந்தி வெளிச்சத்தில் இலைகளிலிருந்து பச்சை ஒளி தெறித்துக்கொண்டிருக்கும், அந்தப் பின்னணியில் பச்சைச் சைகை கரைந்துபோகும். மஞ்சளுக்கு நகர்ந்தால் எடுத்துத் தெரியும். கண்ணும் சேர்ந்தே மாறியிருக்கிறது: அந்தியில் பறக்கும் இனங்களின் கண்கள் பச்சையை வடிகட்டி மஞ்சளைக் கூர்மையாகப் பிடிக்கின்றன. இருட்டில் பறப்பவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை பச்சையிலேயே இருந்துவிட்டன. மூதாதையின் நிறம் பச்சை என்று வந்த முடிவோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

ஒரே இனத்துக்குள்ளேயே இந்த நகர்வு நடப்பதைப் பார்க்க ஜமைக்காவின் கிளிக் வண்டு பைரோஃபோரஸ் பிளேஜியாஃப்தாலமஸ் உதவுகிறது. அதன் முதுகுப் பக்கத்து விளக்கும் வயிற்றுப் பக்கத்து விளக்கும் வெவ்வேறு மரபணுக்களால் ஒளிர்கின்றன, வயிற்று விளக்கு வண்டுக்கு வண்டு மஞ்சள்பச்சையிலிருந்து ஆரஞ்சு வரை வேறுபடும். 2003-இல் அதன் மரபணு வடிவங்களைப் படித்தவர்கள், ஆரஞ்சு நோக்கிய நகர்வை இயற்கைத் தேர்வு அண்மைக் காலத்தில் ஊக்கியிருப்பதற்கான தடயத்தைக் கண்டார்கள். அந்த நகர்வும் ஒரு சில அமினோ அமில இடங்களில்தான் நடந்திருக்கிறது.

உங்கள் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வழக்கமாக என்ன செய்கிறோம்? மரபணு முழுவதிலும் அமினோ அமிலத்தை மாற்றும் டி.என்.ஏ. எழுத்து மாற்றங்களையும், மாற்றாத எழுத்து மாற்றங்களையும் தனித்தனியே எண்ணி விகிதம் பார்க்கிறோம். லூசிஃபெரேஸில் அந்த விகிதம் மிகக் குறைவாக வந்தால், இந்த நொதியைத் தேர்வு கட்டிக் காக்கிறது, புதிதாக எதுவும் நடக்கவில்லை என்று எழுதிவிடுகிறோம். முதல் பாதி சரி. வினை நடக்கும் குழியும், ஏ.டி.பி.யைப் பிடிக்கும் இடமும், முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவே சுமார் 140 பாகை சுழலும் மூடி போன்ற பகுதியும் கை வைக்க முடியாத இடங்கள். அங்கே விழும் பெரும்பாலான மாற்றங்கள் ஒளியை அணைத்துவிடும், அந்த வண்டுக்குத் துணை கிடைக்காது. ஆனால் இரண்டாம் பாதி தவறு. 549 இடங்கள் கட்டிக் காக்கப்பட்டு ஒரே ஓர் இடம் தேர்வால் மாற்றப்பட்டிருந்தால், முழு மரபணுவின் சராசரியில் அந்த ஓர் இடம் கண்ணிலேயே படாது. இடம்வாரியாகப் பார்க்கும் முறைகளைப் பயன்படுத்தினாலும், இரண்டே இனங்களின் வரிசையை வைத்து எதுவும் தேறாது. பல இனங்கள் வேண்டும், அதைவிட முக்கியமாக, சந்தேகப்படும் இடத்தை உண்மையில் மாற்றி, புரதத்தைத் தயாரித்து, நிறமாலையை அளக்க வேண்டும். சிண்டிலன்ஸின் 255 கணினியில் கிடைத்த விடை இல்லை, ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது.

ஒளி தேவைப்படாத இடத்தில் நொதி என்ன ஆகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. பகலில் பறந்து, மணத்தால் துணை தேடும் மின்மினிகள் பல உண்டு. ஜப்பானின் லூசிடினா பைப்ளேஜியாட்டா அதில் ஒன்று, பெரிய வண்டு ஒளிர்வதில்லை. அதன் லூசிஃபெரேஸ் மரபணு சிதைந்துபோயிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 2010-இல் சோதித்தபோது நொதி நன்றாகவே வேலை செய்தது. புழுப் பருவத்தில் ஒளி இன்னும் தேவைப்படுவதால் மரபணுவைத் தேர்வு விட்டுவிடவில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். பெரிய வண்டில் அணைந்தது நொதி இல்லை, அதைத் தயாரிக்கும் உத்தரவும் ஒளியுறுப்பும்தான்.

வரிசைகளை ஒப்பிடுபவர்கள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மின்மினிகளுக்கு லூசிஃபெரேஸ் ஒன்று இல்லை, இரண்டு. முதல் வகை புழுவின் விளக்கிலும் பெரிய வண்டின் விளக்கிலும் வேலை செய்கிறது. இரண்டாம் வகை முட்டையிலும் கூட்டுப்புழுவிலும் உடல் முழுவதும் பரவும் மங்கலான பச்சை ஒளிக்குக் காரணம். இவை மின்மினிக் குடும்பத்தின் தொடக்கக் காலத்திலேயே பிரிந்த இரண்டு பிரதிகள், ஒரே வண்டுக்குள் இருந்தாலும் அமினோ அமில வரிசை பாதிக்குச் சற்று மேல்தான் ஒத்துப்போகும். ஓர் இனத்தின் முதல் வகையையும் மற்றோர் இனத்தின் இரண்டாம் வகையையும் தெரியாமல் ஒப்பிட்டால், பக்கத்துப் பக்கத்து உறவினங்கள் கூட பல கோடி ஆண்டு தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். தரவுத்தளத்திலிருந்து வரிசையை எடுக்கும்போது எந்த வகை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனம் பிரிக்க இதை நம்பாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இப்போது காரணங்கள் சேர்ந்துவிட்டன. புரதம் மிக மெதுவாக மாறுகிறது. மாறும் ஓரிரு இடங்களும் நிறத்துக்காகத் தேர்வு செய்யப்படுபவை, ஆகவே உறவில்லாத இரண்டு இனங்கள் ஒரே மாற்றத்தைத் தனித்தனியே அடைந்துவிடலாம். மரபணுவின் இடையிடையே வரும், புரதமாகாத துண்டுகளான இன்ட்ரான்கள் வேகமாக மாறுமே, அவற்றைப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். பைராலிஸின் மரபணுவில் ஆறு இன்ட்ரான்கள் உண்டு, ஒவ்வொன்றும் 60 எழுத்துக்கும் குறைவு. அதிலிருந்து அதிகம் கறக்க முடியாது. மைட்டோகாண்ட்ரியா மரபணுவோடு, மரபணுத் தொகுதி முழுவதும் சிதறிக் கிடக்கும் பல இடங்களையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

மின்மினிகள் தங்களுக்குள் இனம் கண்டுகொள்வதும் பெரும்பாலும் நிறத்தால் நடப்பதில்லை, தாளத்தால் நடக்கிறது. பைராலிஸ் ஆண் சுமார் 6 விநாடிக்கு ஒரு முறை, மேலே எழும்பியபடி ஒளிக்கோடு இழுக்கும். புல்லில் அமர்ந்திருக்கும் பெண் ஏறத்தாழ 2 விநாடி பொறுத்துப் பதில் சொல்லும். அந்த இடைவெளி தப்பினால் ஆண் திரும்பிப் பார்க்காது. ஃபோட்டூரிஸ் பேரினத்துப் பெண்கள் இந்த இடைவெளியைப் போலி செய்து ஃபோட்டினஸ் ஆண்களை வரவழைத்துத் தின்றுவிடுகின்றன. ஏமாற்றுவதற்கு அவை நிறத்தைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, நேரம் தப்பாமல் இருந்தால் போதும். கெஞ்சி மின்மினியில் ஒரே இனத்துக்குள்ளேயே மேற்கு ஜப்பானில் 2 விநாடிக்கு ஒரு முறையும் கிழக்கு ஜப்பானில் 4 விநாடிக்கு ஒரு முறையும் ஆண்கள் மின்னுகின்றன. இந்தத் தாளத்தை நரம்புகளும், ஒளியுறுப்புக்குள் ஆக்சிஜன் போய்ச் சேரும் ஏற்பாடும் தீர்மானிக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு அதில் பங்கு வகிப்பதை 2001-இல் காட்டினார்கள். லூசிஃபெரேஸ் எப்போதும் தயார் நிலையில் இருக்கிறது, எப்போது மின்னுவது என்று முடிவு செய்வது அது இல்லை.

ஆகவே உங்கள் இரண்டு மின்மினிகளும் வெவ்வேறு இனங்கள்தானா என்று தெரிய வேண்டுமானால், ஆண்களின் மின்னும் இடைவெளியைப் படம்பிடித்து, அந்த நேரத்து வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்து, பெண்களின் பதில் இடைவெளியோடு ஒப்பிடுங்கள். குளிர்ந்தால் தாளம் மெதுவாகும் என்பதால் வெப்பநிலை இல்லாத அளவீட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. லூசிஃபெரேஸ் வரிசையை நிறம் பற்றிய கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள். பைராலிஸ் நொதியின் 255-க்கும் கெஞ்சி நொதியின் 286, 288-க்கும் நேரான இடங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள அமினோ அமிலங்களையும் முதலில் பாருங்கள். அங்கே வேறுபாடு இருந்தால் அதை மட்டும் மாற்றிய புரதத்தைத் தயாரித்து நிறமாலை எடுப்பதுதான் அடுத்த வேலை.